வாயத் தொறந்து சொல்லோணும்

ராசிபுரத்தைத் தாண்டி நாமக்கல் சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சண்டை போட்டுக்கொண்டால் அதற்குப் பெரும்பாலும் மேனேஜர்தான் காரணமாக இருப்பார். மற்ற மண்டபங்களில் கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் வெடிக்கிற சண்டை, அவரிடத்தில் மண்டபம் பேச வந்த அன்றைக்கே வெடித்துவிடும். "முன்னாலயே வந்துட்டாச் சல்லிசுங்க" என்பார்.

அந்த மண்டபத்துக்கு மேடை அலங்காரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன் நான். பூ, துணி, விளக்கு எல்லாம் என் பொறுப்பு. அதனால் மண்டபம் பேச யார் வந்தாலும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மேனேஜரின் ஒப்பந்தக் கச்சேரிகளை முன்வரிசையில் இருந்து கேட்டவள் என்று என்னைச் சொல்லலாம்.

அவர் சேலத்தில் வக்கீலுக்குப் படித்தவர். நாமக்கல் கோர்ட்டில் சில வருடங்கள் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கிறார். தேடி வருகிற கட்சிக்காரர்கள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நீங்க தோத்துருவீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவாராம். பெரும்பாலும் அது அப்படியே பலித்தும் இருக்கிறது. பலிக்கிற மாதிரி சொல்கிற ஜோசியரிடம் கூட்டம் சேரும், வக்கீலிடம் சேருமா? கடைசியில் கோட்டைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்கு மேனேஜராக வந்து சேர்ந்தார். நெடுநெடுவென்ற உயரம். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்றில் மை தீர்ந்து கையெழுத்து நடுவில் நின்றுவிட்டால் எதிராளி மனசு மாறிவிடக்கூடும் என்பதற்காக இரண்டாவது.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் சண்டை பாயசத்தினால் வந்தது. பெண்ணின் அப்பா சாப்பாட்டு வகைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, "கடைசியா பாயசமுங்க" என்று முடித்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் தலையாட்டினார். வேறு யாராக இருந்தாலும் அதோடு எழுந்து காபிக்குப் போயிருப்பார்கள். மேனேஜர் பேனாவை மூடவில்லை.

"என்ன பாயசமுங்க?"

"பாயசந்தானுங்க. பாயசத்துல என்னங்க இருக்குது?"

அவர் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பினார். "நீங்க எந்தப் பாயசத்த நெனச்சுத் தலையாட்டுனீங்க?"

"பருப்புப் பாயசந்தானுங்க. வேறென்ன?"

"நீங்க எத நெனச்சுச் சொன்னீங்க?"

பெண்ணின் அப்பா கொஞ்சம் தயங்கி, "சேமியாங்க" என்றார்.

அவ்வளவுதான். கல்யாணத்தில் சேமியா ஊற்றுகிற வீடா என்று ஆரம்பித்து, பெண்ணின் பெரியப்பா கல்யாணத்தில் வடை பற்றாமல் போன கதைவரைக்கும் போய்விட்டது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குரல்கள் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே பொருள ஒரே அர்த்தத்துல நெனச்சாத்தாங்க அது ஒப்பந்தம். இத்தன நேரம் நீங்க ரெண்டு பேரும் வேற வேற பாயசத்துக்குத் தலையாட்டிட்டு இருந்திருக்கீங்க."

இரண்டு பாயசமும் வைப்பதென்று முடிவாயிற்று. செலவு பெண் வீட்டாருக்கு. மேனேஜர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரே பாயசத்தில் போயிருக்கும் என்று பெண்ணின் அப்பா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

சும்மா கொடுப்பதும் சும்மா வாங்குவதும் அவருக்கு ஆகாது. ஒரு தீபாவளிக்கு வீட்டில் செய்த அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, மணமேடைத் தட்டில் மிச்சம் கிடந்த இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"இதெதுக்குங்க?"

"மறுபயன் அம்மிணி. ஒண்ணு குடுத்தா ஒண்ணு வாங்கோணும். வெறும் வாக்குக்குச் சட்டத்துல பலமில்ல. இப்ப இது முறையான கொடுக்கல் வாங்கல் ஆச்சு."

"அதிரசத்த நாந்தான் குடுத்துட்டனே, இனி அது செல்லுமா செல்லாதான்னு யாருங்க கேக்கப்போறாங்க?"

"கேக்க மாட்டாங்க. இருந்தாலும் இருக்கட்டும்" என்று அதிரசத்தைக் கடித்தார்.

அவர் மனைவி சேந்தமங்கலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருமுறை மண்டபத்துக்கு வந்திருந்தபோது, வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். "ஊட்டுலயா? ஊட்டுல அவரு முன்மொழிவோட சரிங்க. ஏத்துக்கறதும் தள்ளறதும் நான்" என்று சிரித்தார். மேனேஜர் அதை மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதெல்லாம் சம்மதமாகாது என்று மட்டும் முணுமுணுத்தார்.

அதுதான் அவருடைய உயிர்நாடி. மௌனம் சம்மதமில்லை, தலையாட்டல் சம்மதமில்லை. மண்டபம் பேச வருகிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கட்டாயம் கூட்டிவர வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார். பேச்செல்லாம் முடிந்த பிறகு அந்த இருவரையும் பார்த்து, "உங்களுக்குச் சம்மதங்களா?" என்பார். மண்டபத்தைப் பற்றித்தான் கேட்கிறாரா, மற்றதைப் பற்றியா என்று யாருக்கும் விளங்காது. பெண்கள் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டுவார்கள். விடமாட்டார். "தலையாட்டுனா ஆகாது சாமி. வாயத் தொறந்து சொல்லோணும்."

சட்டப்படி இதெல்லாம் தேவையா என்று ஒருநாள் கேட்டேன். "தேவையில்லீங்க. பணம் கட்டறது அப்பன். ஒப்பந்தம் அவருக்கும் எங்களுக்கும். இது நான் போட்ட நிபந்தன. நிபந்தன போட எனக்கு உரிமை இருக்குது, புடிக்கலேன்னா வேற மண்டபம் பாத்துக்க அவங்களுக்கு உரிமை இருக்குது" என்றார். அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஒரு பெண் வாயைத் திறந்து, "எனக்கு ஏசி மண்டபந்தான் வேணுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பம் அப்படியே எழுந்து சேலத்துக்குப் போயிற்று. மண்டபத்து முதலாளி அன்றைக்கு மேனேஜரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. மேனேஜரோ, "பாத்தீங்களா, சம்மதம் இல்லாமலேயே கல்யாணம் பண்ண இருந்தாங்க" என்று மகிழ்ச்சியாக இருந்தார்.

ஒரு மாசி மாதத்தில் ஒரு ரிக் வண்டிக்காரர் வந்தார். போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போனால் திரும்பிவர மாதக்கணக்காகும். முதலாளிக்குப் பங்காளி முறை. பங்குனியில் மகளுக்கு முகூர்த்தம். மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோட்டில் வேலை, வர முடியவில்லை என்றார்கள். மேனேஜரும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார். சொந்தக்காரர் என்பதால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிட்டது. எனக்கும் மேடைக்கு எந்தப் பூ என்று சொல்லியாயிற்று. மேனேஜர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"உனக்குச் சம்மதமா சாமி?"

அவள் தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லோணும்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அன்னைக்குப் பரீச்சைங்க" என்றாள் அந்தப் பெண்.

"என்ன பரீச்ச?"

"பிளஸ் டூங்க. கணக்கு."

ரிக் வண்டிக்காரர் சிரித்துச் சமாளித்தார். "பரீச்ச கெடக்குதுங்க. அடுத்த வருசம் கூட எழுதிக்கலாம்."

"வயசென்னங்க ஆகுது?" என்று மேனேஜர் அப்பாவிடம் கேட்டார்.

"பதினெட்டு ஆச்சுங்க."

"உனக்குப் பதினெட்டு ஆச்சா சாமி?"

அவள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "வர்ற ஆவணிக்குத்தானுங்க" என்றாள்.

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த தாளைக் குறுக்காகக் கிழித்தார். அவர் ஒரு ஒப்பந்தத்தைக் கிழித்து நான் பார்த்ததில்லை. அடித்தல் திருத்தல் வந்தால்கூடப் பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்குகிறவர். கட்டிய முன்பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது செல்லாதுங்க."

"என்னங்க செல்லாது? முதலாளிகிட்டப் பேசியாச்சு."

"ஒப்பந்தத்தோட நோக்கம் சட்டப்படி சரியா இருக்கோணுங்க. பதினெட்டு முடியாத புள்ளைக்குக் கல்யாணம் பண்ண மண்டபம் விடறேன்னு நான் எழுதிக் குடுத்தா, அது எழுதுன நிமிசமே செத்தது. எல்லாச் சாமானும் போட்டுச் சமைச்சிருக்குது, ஆனா வெசத்துல சமைச்சிருக்குதுன்னு வெச்சுக்கோங்க."

ரிக் வண்டிக்காரர் எழுந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "நான் ராஜஸ்தான்ல கெடப்பேனுங்க. இவ பள்ளிக்கொடத்துக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஊட்ல ஒரு பொம்பள வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. எனக்கு அங்க தூக்கம் வருமாங்க? ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நான் நிம்மதியாப் போவேன்."

"உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா செல்லாது."

அவர்கள் போய்விட்டார்கள். இன்னொரு மண்டபத்துக்குப் போவார்கள், அங்கே யாரும் இதெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார். இரண்டு நாள் கழித்து சமூக நலத்துறையிலிருந்து அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் போனார்கள். பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்வதில்லை என்று அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள்.

எனக்கு ஒரு மேடை போயிற்று என்ற எரிச்சல் கொஞ்சம் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "ஏனுங்க, அந்தப் புள்ளையப் பாத்துப் பாவப்பட்டுத்தான இப்படிப் பண்ணுனீங்க?"

அவருக்கு அது அவமானமாகப் பட்டது. "பாவ புண்ணியமெல்லாம் நமக்குத் தெரியாதுங்க அம்மிணி. நோக்கம் தப்பு, ஒப்பந்தம் செல்லாது. அவ்வளவுதான்."

"அதுக்குத் தாளக் கிழிச்சாப் போதுமே. அதிகாரிக்கு எதுக்குங்க போன்?"

கொஞ்சம் யோசித்தார். "போன் பண்ணக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எங்கயும் இல்லியே" என்றார்.

அடுத்த வாரம் வேறொரு கல்யாணம். பந்தி நடந்துகொண்டிருந்தது. ரிக் வண்டிக்காரரின் மனைவி நேராக மண்டபத்துக்குள் வந்தார். இத்தனைக்கும் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவர். இப்போது குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "எம்பட புள்ள கல்யாணத்தக் கெடுத்தியே, நீ நல்லா இருப்பியா? ஊரே எங்க ஊட்டப் பாத்துச் சிரிக்குது. இனி அவள எவங் கட்டுவான்? உம்பட சட்டமா வந்து கட்டும்?"

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் கையில் சாவிக்கொத்தோடு நின்றார். அந்த நேரத்தில் எந்த மனிதனும் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருப்பான். இவர், "அம்மா, அந்த ஒப்பந்தம் ஆரம்பத்துலயிருந்தே செல்லாதுங்க" என்றார். அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி வெளியே போனார். நான் அவர் பின்னால் ஓடித் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

முதலாளி அன்று மாலையே மேனேஜரைக் கூப்பிட்டார். நான் மேடையிலிருந்து பூவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு திறந்தே இருந்தது.

"பங்காளி மூஞ்சியில முழிக்க முடியல. நாளையிலிருந்து வர வேண்டாங்க."

"நோட்டீஸ் காலம்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் மேனேஜர்.

"எங்க எழுதியிருக்குது?"

மேனேஜர் அறையை விட்டு வந்து மேடைப் படியில் உட்கார்ந்தார். நான் பூக்கூடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க, வேலைக்குச் சேந்தப்ப ஒண்ணும் எழுதி வாங்கலீங்களா?"

"இல்லீங்க அம்மிணி."

"நீங்களா வாங்கல?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நல்ல மனுசனாத் தெரிஞ்சுதுங்க. நம்ம ஆளுதான, எதுக்குன்னு உட்டுட்டேன்."

இதே வார்த்தையைச் சொன்னவர்கள் எத்தனை பேரை அவர் அதே அறையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் காய்ச்சியிருக்கிறார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து முதலாளியிடம் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு சாவியும் எந்தப் பூட்டுக்கு என்று விளக்கிவிட்டு, நான் பெற்றுக்கொண்டதை வாயைத் திறந்து சொல்லவும் வைத்துவிட்டுத்தான் போனார்.

பிறகு அவர் சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்கள் எழுதிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். கணக்கில் தோற்றுவிட்டாள். ஊரில் இது பெரிய செய்தி. "இதுக்காகவா ஒரு கல்யாணத்த நிறுத்துனாங்க" என்று ரிக் வண்டிக்காரர் டீக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மேனேஜருக்குப் போன் செய்தபோது தயங்கித் தயங்கி நானும் சொன்னேன். "பரீச்ச இருக்குதுன்னுதான் அந்தப் புள்ள சொல்லுச்சு. பாஸ் ஆவேன்னு சொல்லலியே" என்றார். துணைத்தேர்வில் அவள் தேறிவிட்டாள், ராசிபுரத்தில் காலேஜில் சேர்ந்தாள். அதை ஊரில் யாரும் டீக்கடையில் பேசவில்லை.

ஒன்றிரண்டு வருடம் கழிந்திருக்கும். ஒருநாள் காலையில் அந்தம்மா என் வீட்டு வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அந்த மேனேஜரு எங்கீங்க இருக்கறாரு?"

"எதுக்குங்க?"

சொல்லத் தெரியாமல் முந்தானையை முறுக்கினார். பிறகு கேட்டார்: "தெரியாம ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, அது செல்லுங்களா?"

விஷயம் இதுதான். சேந்தமங்கலத்துப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் அவருக்கு அவர் அம்மா எழுதி வைத்த நிலம் இருந்தது. கிணற்று மோட்டாரின் கரண்ட் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கணவர் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கையெழுத்து வாங்கியிருக்கிறார். மாற்றியது மோட்டாரை அல்ல, நிலத்தை. மனைவி தானே விரும்பிக் கணவருக்குக் கொடுத்ததாகப் பத்திரம். ஒரு கோழிப்பண்ணைக்காரர் நிலத்தை அளக்க ஆள் அனுப்பிய பிறகுதான் அந்தம்மாவுக்கே தெரிந்திருக்கிறது.

"ஆபீஸர் ஒண்ணும் கேக்கலீங்களா?"

"கேட்டாருங்க. சம்மதமான்னு கேட்டாரு. எதக் கேட்டாலும் தலையாட்டுன்னு இவரு சொல்லியிருந்தாரு. ஆட்டிட்டேன்."

நான் அவரை அன்றைக்கே சேலத்துக்குக் கூட்டிப் போனேன். ஏற்காடு ரோட்டில் ஒரு கிளினிக்கின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மேனேஜர் இளைத்திருந்தார். பேனா மட்டும் இரண்டு. அந்தம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொன்னார். அன்று மண்டபத்தில் பேசியதற்கு அந்தம்மா வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"கஷ்டமுங்கம்மா" என்றார் கடைசியில். "கையெழுத்து உங்களுது. ஆபீஸர் கேட்டிருக்காரு, நீங்க தலையாட்டியிருக்கீங்க. ஜெயிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப போட வேண்டாங்களா?"

"வேண்டாம்னு நான் சொல்லலீங்களே. இப்படிச் சொன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்க இன்னும் உக்காந்திருக்கீங்க." அவர் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "ஏமாத்தி வாங்குன சம்மதம் சம்மதமில்ல. ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது, கேட்டுக்கோங்க. உங்க புள்ள கல்யாணத்துக்குப் பேசுனது பொறக்கவேயில்ல. நான் கிழிச்சாலும் கிழிக்காட்டியும் ஒண்ணுதான். இது அப்படியில்ல. இது பொறந்து நடமாடிட்டு இருக்குது. நீங்க வேண்டாம்னு சொல்ற வரைக்கும் நடமாடும்."

"நான் வேண்டாங்கறனுங்க."

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. கோர்ட்ல சொல்லோணும். உங்க ஊட்டுக்காரரு எதிர்ல நிக்கற எடத்துல சொல்லோணும். சொல்லுவீங்களா?"

அந்தம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கீழே ரோட்டில் வண்டிகள் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "சொல்லுவேன்" என்றார்.

அந்த வழக்குக்காக மேனேஜர் தயாரானதைப் போல நான் எந்தக் கல்யாணத்துக்கும் தயாரானதில்லை. அலுவலகத்து வக்கீல் நான் நடத்துகிறேன் என்று சொல்லியும் விடவில்லை. பழைய கோட்டைப் பூச்சி அரித்திருந்தது என்று புதிதாகத் தைத்துக்கொண்டார். பத்திர எழுத்தரைப் போய்ப் பார்த்தார், மோட்டார் யார் பெயரில் இருக்கிறது என்று மின்சார அலுவலகத்தில் விசாரித்தார். அது அன்றைக்கும் அந்தம்மாவின் அம்மா பெயரிலேயேதான் இருந்தது. மாற்றவேயில்லை. இதைப் போனில் சொன்னபோது அவர் குரல் ஒரு குழந்தையின் குரலைப் போல இருந்தது.

முதல் வாய்தாவுக்கு நாமக்கல் கோர்ட்டுக்கு நானும் போனேன். ரிக் வண்டிக்காரர் தன் வக்கீலோடு தாழ்வாரத்தில் நின்றார். வெயிலில் கருத்து, முன்னைவிடத் தளர்ந்திருந்தார். வீட்டில் மனைவியும் மகளும் அவரோடு பேசுவதில்லை, ஆனால் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்வி. மேனேஜர் புதுக் கோட்டின் விறைப்பில் கையை மடக்க முடியாமல் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே அவரிடம் வந்தார்.

"சார், கேஸ் வேண்டாம். நிலத்த அவங்க பேருக்கே திருப்பி எழுதித் தர்றேங்கறாரு."

மேனேஜரின் முகம் விழுந்துவிட்டது. "கேஸே நடத்தலையா?"

"உங்க மனுவ அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். பாதியிலயே போதும்னுட்டாரு."

"அந்தாளோட கோர்ட்டுக்கு அலையறதுக்கு, கொல்லிமலையவே கொடைஞ்சு தண்ணி எடுத்துரலாமுங்க" என்றார் ரிக் வண்டிக்காரர், யாரையும் பார்க்காமல்.

மேனேஜர் ஒருவாறு தேறிக்கொண்டு, சமரசத்தை அங்கேயே எழுத வேண்டும் என்றார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை அந்தம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா ஐந்தாவது வரை படித்தவர். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "குடுங்கம்மா, நான் படிக்கறேன்" என்றாள்.

"கையெழுத்துப் போடறவங்கதான் சாமி படிக்கோணும்" என்றார் மேனேஜர்.

அந்தம்மா எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, வரி வரியாகப் படித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு டீ குடித்துவிட்டு வந்தார், மறுபடியும் பார்த்தார். சாப்பாட்டு நேரமும் போயிற்று. நடுவில் ஓர் இடத்தில் அந்தம்மா நிறுத்தினார். "இதென்னங்க, யாதொரு பாத்தியதையும்?"

"அந்த நெலத்துல அவருக்கு எந்த உரிமையும் இல்லேன்னு அர்த்தம்."

அந்தம்மா தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தார். "இல்லீங்களா?"

ரிக் வண்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றார்.

அந்தம்மா மறுபடி குனிந்து மீதியையும் படித்து முடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக. மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேனேஜர் மை காய்கிறதா என்று தாளைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தோம். ரிக் வண்டிக்காரர் கொஞ்சம் தள்ளி, கையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"ராசிபுரம் பஸ்ஸு வந்துரும். போலாமா?"

அந்தம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மேனேஜரைப் பார்த்து, "வாரேனுங்க" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கணவருக்குப் பின்னால் நடந்தார். மூன்று பேரும் வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, இத்தனைக்கும் அப்புறம் அந்தாளு கூடவே போறாங்களே!"

மேனேஜர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழுத்து முழுக்க வேர்வை.

"அது வேற ஒப்பந்தம் அம்மிணி" என்றார். "அதப் பத்தி அந்தம்மா இன்னும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல."